டீச்சர் துப்பறிகிறார்: ‘மர்டர், ஷி ரோட்’ பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு யாரும் போன் எடுக்க மாட்டார்கள். அம்மா, பெரியம்மை, மைனி, ஏழாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகன், நான் என்று ஐந்து பேரும் ஒரு பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடரின் முன்னால் உட்கார்ந்திருப்போம். விஷயம் சொந்தக்காரர்களுக்குள் பரவி, மார்த்தாண்டத்திலிருந்தும் கோட்டாறிலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கொலைகாரர் யார் என்று எந்தப் பதிலிலும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

இது என்ன தொடர்?

பெயர் ‘மர்டர், ஷி ரோட்’. ‘கொலை, என்று எழுதினாள்’ என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1984 செப்டம்பர் 30-ல் தொடங்கி 1996 மே 19 வரை ஓடியது. 12 சீசன், 264 பகுதிகள். அப்புறம் 1997-க்கும் 2003-க்கும் நடுவில் நான்கு டிவி படங்களும் வந்தன. உருவாக்கியவர்கள் பீட்டர் ஃபிஷர், ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற மூன்று பேர். பின்னவர்கள் இரண்டு பேரும்தான் அதற்கு முன்னால் ‘கொலம்போ’ என்ற இன்னொரு துப்பறியும் தொடரை உருவாக்கியவர்கள்.

நம் சீரியல் மாதிரி கதை இழுபடாது. ஒரு பகுதியில் ஒரு கொலை, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அன்றைக்கே முடிந்துவிடும். அரிதாகத்தான் இரண்டு பாகமாக வரும்.

யார் இந்த ஜெசிக்கா?

ஜெசிக்கா ஃபிளெட்சர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. கணவர் ஃபிராங்க் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பொழுது போகாமல் ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறார். தங்கை மகனோ அண்ணன் மகனோ என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிற கிரேடி என்ற பையன், அவருக்குத் தெரியாமல் அதைப் பதிப்பகத்துக்குப் போகும்படி செய்துவிடுகிறான். புத்தகம் சக்கைப்போடு போடுகிறது. அதிலிருந்து அவர் ஜே.பி. ஃபிளெட்சர் என்ற எழுத்தாளர்.

அவர் போலீஸ் இல்லை, தனியார் துப்பறிவாளரும் இல்லை, இதற்காக யாரும் அவருக்குக் காசு கொடுப்பதும் இல்லை. கார் ஓட்டத் தெரியாது, சைக்கிள்தான். வகுப்பறையில் நின்று பழகிய ஒருவருக்கு, எதிரில் இருப்பவன் பொய் சொல்லும்போது அவன் காது என்ன செய்யும் என்று தெரியாதா? அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

எங்கள் வீட்டில் அவரை யாரும் ஜெசிக்கா என்று சொல்வதில்லை. ‘டீச்சர்’தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. ஒரு தெருவுக்கு நாலு ரிட்டயர்டு டீச்சர் இருப்பார்கள். அதில் இரண்டு பேருக்காவது எந்த வீட்டு வாசலில் யார் ஸ்கூட்டர் எத்தனை மணிக்கு நின்றது என்று தெரிந்திருக்கும். எங்கள் அம்மாவும் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர்தான். முதல் பகுதி முடிந்ததும், “இது நம்ம ஊருக் கதைதானே மக்கா” என்றார்.

ஆங்கிலம் அவ்வளவாக வராத பெரியவர்களுக்குப் புரியுமா?

புரியும். ஆனால் முதல் பதினைந்து நிமிஷம் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கதை தொடங்கும்போது ஏழெட்டுப் பேரை மடமடவென்று அறிமுகப்படுத்துவார்கள். யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார் மேல் கோபம், சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று அங்கே புரிந்துவிட்டால் மீதி தானாக ஓடும். ஆங்கில வசன வரியைப் போட்டுவிடுங்கள். பேச்சைக் காதால் பிடிக்க முடியாதவர்களும் எழுத்தில் பிடித்துவிடுவார்கள்.

பெரியம்மைக்கு ஆங்கிலம் வாசிக்கவும் வராது. அவருக்காக நாங்கள் எல்லாருக்கும் பெயர் வைத்துவிட்டோம். மில் முதலாளி, நீலக்கோட்டு, குடிகார மருமகன், நாய் வைத்திருப்பவள். ஒரு தாளில் எழுதி டிவிக்குக் கீழே செல்லோடேப் போட்டு ஒட்டினால் போதும். இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. வசனம் புரியாததால் அவர் முகத்தை மட்டுமே பார்க்கிறார். “அந்த நீலக்கோட்டு சிரிச்சிட்டே பேசுதான், கை மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது பாரு” என்பார். எங்களில் அதிகம் சரியாகச் சொல்பவர் அவர்தான்.

முதல் பகுதியிலிருந்தே வரிசையாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். தொடக்கப் பகுதி இரண்டு மணி நேரத்துக்குரியது. டீச்சர் நியூயார்க் போவதும், மாறுவேட விருந்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் வேஷம் போட்ட ஒருவர் நீச்சல்குளத்தில் பிணமாகக் கிடப்பதும் அதில்தான். நன்றாக இருக்கும், ஆனால் நீளம். புதிதாகப் பார்க்கும் பெரியவர்களுக்கு அதற்குள் தூக்கம் வந்துவிடும். முதல் சீசனின் நடுவிலிருந்து ஏதாவது ஒன்றைப் போட்டு, பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்புங்கள்.

என் கருத்தில் முதல் ஐந்து சீசன்தான் உயிர். முதல் நான்கில் டாம் போஸ்லி நடித்த அமோஸ் டப்பர் என்ற ஷெரிஃப் வருவார். ஷெரிஃப் என்றால் நம் கணக்கில் இன்ஸ்பெக்டர். எதற்கெடுத்தாலும் முதலில் தவறான ஆளைப் பிடிப்பார், சாப்பாட்டைக் கண்டால் விசாரணையை மறப்பார். ஐந்தாவது சீசனில் அவர் போய், நியூயார்க்கிலிருந்து வந்த மோர்ட் மெட்ஸ்கர் வருகிறார். நடித்தவர் ரான் மசாக். நல்ல மனிதர்தான், ஆனால் மைனி இன்றுவரை அவரை ஏற்கவில்லை. டாக்டர் சேத் ஹேஸ்லிட் மட்டும் நிலையாக இருப்பார். வில்லியம் விண்டம் நடித்த அந்த முசுட்டு டாக்டரும் டீச்சரும் செஸ் ஆடிக்கொண்டே சண்டை போடும் காட்சிகளுக்காகவே சில பகுதிகளைத் திரும்பப் பார்க்கலாம்.

எட்டாவது சீசனில், 1991-ல், டீச்சர் நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடி வீடு எடுத்துக் குற்றவியல் பாடம் நடத்தப் போகிறார். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வருகிறது. அதன் பிறகு கதைகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஊர் வாசனை போய்விடுகிறது, அதுதான் குறை.

முன்கூட்டியே கொலைகாரரைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி?

முதலில் ஒரு எச்சரிக்கை. ஆரம்ப சீசன்களில் பெயர் போடுவதற்கு முன்னால் ‘இன்றிரவு’ என்று சொல்லி அந்தப் பகுதியின் காட்சித் துண்டுகளைக் காட்டுவார்கள். யார் சாகப்போகிறார், யார் கைதாவார் என்பது பாதி அதிலேயே வெளியாகிவிடும். அதைத் தாண்டி விடுங்கள்.

மற்றபடி கதையின் எலும்புக்கூடு எப்போதும் ஒன்றுதான். தொடக்கத்தில் எல்லாரிடமும் சண்டை வளர்க்கும் ஒரு ஆள் இருப்பார். அவர்தான் சாவார். டீச்சருக்கு வேண்டப்பட்ட ஒருவர் அந்த நேரம் பார்த்துத் தவறான இடத்தில் நின்றிருப்பார். அவரைப் போலீஸ் பிடிக்கும், ஆகவே அவர் இல்லை. பிணத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்பவரும் இல்லை. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு முன்னால், சம்பந்தமே இல்லாத ஏதோ பேச்சின் நடுவில் டீச்சரின் முகம் மாறும். கையில் பிடித்த கோப்பை அப்படியே நிற்கும். அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. நமக்கும் அதுவரை எல்லாத் துப்பும் காட்டப்பட்டுவிட்டது.

அங்கே நிறுத்துங்கள். இதுதான் நான் சொல்ல வருவதில் முக்கியமானது. நிறுத்திவிட்டு ஒவ்வொருவரும் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அண்ணன் மகன் ஒருமுறை இரண்டு தாள் போட்டுப் பிடிபட்டான். இப்போது மைனி எண்ணிப் பார்த்த பிறகுதான் மூடி திறக்கும்.

பெரும்பாலும் துப்பு ஒரு வாய்தவறல்தான். யாரும் சொல்லாத ஒன்றைக் கொலைகாரர் தெரிந்ததுபோலப் பேசிவிடுவார். இது எப்படி வேலை செய்கிறது என்று பெரியம்மை எங்களுக்கு நேரிலேயே செய்து காட்டினார். கிறிஸ்துமஸுக்குச் செய்து டின்னில் வைத்திருந்த முந்திரிக்கொத்து குறைந்திருந்தது. பெரியம்மை சாதாரணமாக, “டின்னை ஆருலே திறந்தது?” என்றார். பையன் உடனே, “நான் ஒண்ணும் ஆறு எண்ணம் திங்கல்ல” என்றான். பெரியம்மை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆறுன்னு ஆருலே சொன்னா?” அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்தத் தொடரில் விருந்தினராக வந்தவர்களில் நிறையப் பேர் பழைய ஹாலிவுட் முகங்கள். அமெரிக்காவில் பார்த்தவர்கள், ‘இவ்வளவு பெரிய நடிகரைச் சும்மா ஒரு சாயா கொடுக்கவா கூப்பிட்டிருப்பார்கள்?’ என்று நடிகரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நமக்கு அந்த முகங்களில் முக்கால்வாசி தெரியாது. ஆகவே நாம்தான் நேர்மையாக விளையாடுகிறோம்.

இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை கொலையா?

எல்லாரும் கேட்பதுதான். டீச்சரின் ஊரான காபட் கோவ் மூவாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள கடற்கரை ஊர். அங்கே வாராவாரம் ஒருவர் செத்தால் கடைசியில் மீன் விற்கக்கூட ஆள் இருக்காது. ஆங்கிலத்தில் இதைக் கேலி செய்து ‘காபட் கோவ் சிண்ட்ரோம்’ என்றே ஒரு சொல் வழக்கில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான பகுதிகள் வெளியூரில்தான் நடக்கின்றன. புத்தக விழா, உறவினர் கல்யாணம், பழைய மாணவி வீடு என்று டீச்சர் போய்க்கொண்டே இருப்பார், அவர் போகிற இடத்தில் ஒருவர் சாவார். “இந்த அம்மையைக் கல்யாணத்துக்குக் கூப்பிடப்பிடாது” என்பது பெரியம்மையின் தீர்ப்பு.

காபட் கோவ் உண்மையில் இருக்கிறதா?

இல்லை, கற்பனை ஊர். கதைப்படி அது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. ஊர்க் காட்சிகளைப் படம்பிடித்தது நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் மெண்டசீனோ என்ற பசிபிக் கரை ஊரில். டீச்சர் வீடாகக் காட்டப்படுவதும் அங்கேயுள்ள பிளேர் ஹவுஸ் என்ற பழைய மரவீடுதான்.

அமெரிக்காவில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்களோ, கன்னியாகுமரிக்காரனுக்கு உடனே உறுத்தும். மெய்னில் கடல் கிழக்கே. சூரியன் கடலிலிருந்து எழ வேண்டும். மெண்டசீனோவில் கடல் மேற்கே. சூரியன் கடலில் விழும். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். கடலுக்கு மேல் வெளிச்சம் வரும் காட்சி வந்தால், ‘இது காலையா, சாயங்காலமா?’ என்று அண்ணன் மகன் ரிமோட்டைப் பிடுங்குவான்.

மற்றபடி பாறை, படகு, வலை, கடற்காற்றில் வெளுத்துப்போன மரப்பலகை எல்லாம் பார்க்க முட்டத்து நினைவு வரும். அவர்களுக்கு லாப்ஸ்டர், நமக்குச் சிங்கி இறால். விலை மட்டும் இரண்டு இடத்திலும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

ஒரு பகுதி பாதியில் தொடங்குகிற மாதிரி இருக்கிறதே, டிஸ்க் கோளாறா?

மூன்றாவது சீசனில் ஹவாய்த் தீவில் நடக்கும் பகுதியைத்தான் சொல்கிறீர்கள். கோளாறு இல்லை. 1986-ல் ‘மேக்னம், பி.ஐ.’ என்ற இன்னொரு துப்பறியும் தொடரோடு சேர்ந்து ஒரு கதை செய்தார்கள். முதல் பாதி அந்தத் தொடரில் வந்தது, இரண்டாம் பாதி இதில். முதல் பாதி கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை.

அதே சீசனில் 1987-ல் வந்த ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. 1949-ல் வந்த ஒரு கறுப்புவெள்ளைப் படத்தின் காட்சிகளை எடுத்து, அதில் நடித்தவர்களையே முப்பத்தெட்டு வருஷம் கழித்து வயதானவர்களாக வரவழைத்து, அந்தப் படத்தின் கொலையை டீச்சர் மறுபடி விசாரிக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். இளமையும் முதுமையும் மாறி மாறி ஒரே முகத்தில் வரும். அம்மா அன்றைக்குத் தாளில் பெயரே எழுதவில்லை.

சில பகுதிகளில் டீச்சர் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறாரே?

ஆறாவது, ஏழாவது சீசன்களில் அப்படிச் சில உண்டு. வாரம் தவறாமல் டீச்சராக நடித்து நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி களைத்துப்போயிருந்தார். அவருக்கு ஓய்வு கொடுக்க, டீச்சர் தொடக்கத்தில் கதையை அறிமுகம் செய்து கடைசியில் முடித்துவைப்பார். நடுவில் வேறொருவர் துப்பறிவார். தாண்டிப் போய்விடுங்கள். டீச்சர் இல்லாத டீச்சர் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

ஏஞ்சலா லான்ஸ்பரி யார்?

1925-ல் லண்டனில் பிறந்தவர். இந்தத் தொடர் தொடங்கும்போது 58 வயது. அந்த வேடம் முதலில் ஜீன் ஸ்டேபிள்டன் என்ற நடிகைக்குப் போய், அவர் மறுத்த பிறகுதான் இவருக்கு வந்தது. இவர் நாடக மேடையில் பெரிய பெயர், பாடகியும்கூட. டீச்சரின் ஒன்றுவிட்ட சகோதரி எம்மாவாக இரட்டை வேடம் போட்ட பகுதியில் பாடவும் செய்வார். அந்த எம்மாவின் குடும்பப்பெயர் மெகில். லான்ஸ்பரியின் அம்மாவும் நடிகை, மோய்னா மெகில் என்ற பெயரில் நடித்தவர். பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம்.

இந்த வேடத்துக்காகப் பன்னிரண்டு வருஷமும் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. கோல்டன் குளோப் நான்கு கிடைத்தது. 2022 அக்டோபர் 11-ல் இறந்தார். 97 வயது ஆக ஐந்து நாள் பாக்கி.

வெளிநாட்டிலிருந்து டிவிடி வாங்கிவரச் சொன்னால் இங்கே ஓடுமா?

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் மூலமாக முதல் சீசன் டிவிடி வாங்கினேன். வீட்டு பிளேயரில் போட்டால், இந்தப் பகுதிக்கு உரியதல்ல என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. காரணம் எளிது. டிவிடிக்கு உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. எண் பொருந்தாவிட்டால் பிளேயர் மறுக்கும். எல்லா எண்ணையும் ஏற்கும் பிளேயர்களும் உண்டு. எந்த எண் டிஸ்க், எந்த எண் பிளேயர் என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். என்னைப்போல, கடைக்காரர் ‘எல்லாம் ஓடும் அக்கா’ என்று சொன்னதை நம்பி இரண்டாவது பிளேயரும் வாங்காதீர்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் பயமில்லாமல். ரத்தம் காட்டுவது மிகக் குறைவு, கெட்ட வார்த்தை கிடையாது. கள்ள உறவு, மிரட்டிப் பணம் பறிப்பது போன்ற சங்கதிகள் பேச்சில் வரும். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் மைனிக்குத் திடீரென்று இருமல் வரும்.

கொலம்போ நல்லதா, இது நல்லதா?

கொலம்போவில் யார் கொன்றார் என்று முதலிலேயே தெரிந்துவிடும், எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை. தனியாகப் பார்க்க அது, கூட்டமாகப் பார்க்க இது. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அங்கே வேலை இல்லை.

நன்றாக ஓடிய தொடரை ஏன் நிறுத்தினார்கள்?

பார்த்தவர்களுக்கு வயது கூடிவிட்டது என்பதுதான் குற்றம். விளம்பரம் தருகிறவர்களுக்கு இளசுகள் வேண்டும். பதினோரு வருஷமாக ஞாயிறு இரவில் இருந்ததை 1995-ல் வியாழனுக்கு மாற்றி, அப்போது உச்சத்தில் இருந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ நேரத்தில் மோதவிட்டார்கள். அந்த சீசனோடு முடிந்தது. எழுதியவர்களும் சும்மா போகவில்லை. கடைசிப் பகுதியின் தலைப்புக்கு ஏறக்குறைய ‘வயதுக் கணக்கால் மரணம்’ என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எத்தனை நாள் ஆகும்?

தினம் ஒன்று பார்த்தால் ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாரம் ஒன்று என்றால் ஐந்து வருஷம். நாங்கள் வாரம் ஒன்றுதான். ஒரே மூச்சில் நாலைந்து பார்த்தால் எல்லா எலும்புக்கூடும் ஒன்றாகத் தெரிந்துவிடும், சலித்துப்போகும்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டால்?

போகும். போன இடவப்பாதி மழையில் போனது. டீச்சர் முகம் மாறி, கோப்பை நின்று, சரியாக அந்த நொடியில் டிவி அணைந்தது. தாள்கள் பாட்டிலுக்குள். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு கருப்பட்டிக் காப்பியும் அவித்த மரச்சீனியும் தின்றபடி, நீலக்கோட்டா, நாய்க்காரியா என்று பத்தரை மணி வரை சண்டை. வெளியே ரப்பர் மரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. அம்மா நீலக்கோட்டுக்காக வாதாடிக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனார். கரண்ட் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டிவி சத்தம் கேட்டு எழுந்து வந்தால், பெரியம்மை தனியாக உட்கார்ந்து முடிவைப் பார்த்துவிட்டுப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் பெயர் போட்ட தாள் அப்போது நாய்க்காரி என்று இருந்தது. ராத்திரி முழுக்க அவர் சண்டை போட்டது குடிகார மருமகனுக்காக.